டவல் எண்ணிய சிறுமி டூ ஹாலிவுட்டின் நீச்சல் ராணி... யார் இந்த எஸ்தர் வில்லியம்ஸ்?

கொட்டக்குடி ஆத்துல தண்ணி வந்துட்டா போதும், போடிநாயக்கனூர் பசங்களுக்குக் கொண்டாட்டம்தான். யாரு அதிக நேரம் மூச்சடக்குறது, யாரு உசரத்துல இருந்து குதிக்கிறதுன்னு போட்டியே நடக்கும். இந்த நீச்சல் திறமையை மட்டுமே மூலதனமாக வைத்து ஹாலிவுட்டின் உச்ச நட்சத்திரமாக முடியுமா? முடியும் என்று காட்டியவர்தான் எஸ்தர் வில்லியம்ஸ்.

நீச்சல் கற்றது எப்படி?

1921 ஆகஸ்ட் 8-ம் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எளிய குடும்பத்தில் பிறந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த நீச்சல் குளத்தில் டவல்களை எண்ணிக் கொடுத்து, குளத்துக்கான கட்டணத்தைச் சம்பாதித்தார். அங்கிருந்த உயிர்காப்பு வீரர்கள், அப்போது ஆண்கள் மட்டுமே நீந்திவந்த பட்டர்ஃபிளை முறையையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தனர்.

1939-ல் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அமெரிக்க தேசிய சாம்பியன். அடுத்த இலக்கு 1940 ஒலிம்பிக். ஆனால் இரண்டாம் உலகப்போர் வந்தது, ஒலிம்பிக் ரத்தானது. பதக்கக் கனவோடு இருந்தவர் துணிக்கடை வேலைக்குப் போனார்.

சினிமாவுக்கு வந்தது எப்படி?

1940-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த நீர் நடன நிகழ்ச்சியில், டார்ஜான் புகழ் ஜானி வைஸ்முல்லருக்கு ஜோடியாக நீந்தும் வாய்ப்பு கிடைத்தது. அதைப் பார்த்துத்தான் எம்.ஜி.எம். நிறுவனம் அழைத்தது. 1944-ல் வெளியான 'பேத்திங் பியூட்டி' அவரை ஒரே அடியாக நட்சத்திரமாக்கியது. பாட்டு, டான்ஸ், நடுவுல பிரம்மாண்டமான நீச்சல் காட்சி. இந்த ஃபார்முலாவில் 'நெப்டியூன்ஸ் டாட்டர்', 'டேஞ்சரஸ் வென் வெட்' எனப் படங்கள் வரிசைகட்டின. பின்னதில் டாம் அண்ட் ஜெர்ரியோடு சேர்ந்தே நீந்தினார்!

கழுத்தை உடைத்த கிரீடம்

திரையில் சிரித்த முகம். ஆனா தண்ணிக்குள்ள நிலைமையே வேற. 1952-ல் வெளியான 'மில்லியன் டாலர் மெர்மெய்ட்' படத்துக்காக உயரமான கோபுரத்திலிருந்து குதிக்க வேண்டும். தலையில் உலோகக் கிரீடம். தண்ணீரில் மோதியபோது கிரீடம் வளைந்து கொடுக்கவில்லை. அந்த வேகத்தில் தலை பின்னால் தள்ளப்பட்டு, கழுத்துப் பகுதியில் 3 எலும்புகள் உடைந்தன. பல மாதங்கள் உடம்பெல்லாம் மாவுக்கட்டு.

உயரத்தில் இருந்து குதிக்கும்போது தண்ணீரும் தரை மாதிரிதான் அடிக்கும். ஏலமலை அடிவாரத்து ஆறுகளில், ஆழமும் பாறையும் தெரியாமல் தலைகீழாகக் குதிப்பவர்களுக்கும் ஆபத்து இதே கழுத்தில்தான். பயிற்சி பெற்ற சாம்பியனுக்கே இந்தக் கதி என்பதை மறந்துடக் கூடாது.

இந்தியாவில் யாராவது உண்டா?

உண்டு. 'பேத்திங் பியூட்டி'க்கு 6 ஆண்டுகள் முன்பே, 1938-ல் வந்த 'பிரம்மச்சாரி' மராத்தி படத்தில் மீனாட்சி ஷிரோத்கர் நீச்சல் உடையில் பாடி நடித்துப் பரபரப்பைக் கிளப்பினார். நடிகர் மகேஷ் பாபுவின் மனைவி நம்ரதாவுக்கு இவர் பாட்டி!

கடைசியில் என்ன ஆனது?

1950-களின் நடுவில் இசைப்படங்களுக்கான மவுசு குறைந்தது. 1955-ல் 'ஜூபிட்டர்ஸ் டார்லிங்' சறுக்க, எம்.ஜி.எம்.மில் இருந்து விலகினார். கணவர் பென் கேஜுடனான மணவாழ்க்கையும் முறிந்தது. சம்பாதித்த பணம் போய், வரி பாக்கிதான் மிஞ்சியிருந்தது என்று பின்னாளில் சுயசரிதையில் பதிவு செய்தார். ஆனாலும் அவர் முடங்கிவிடவில்லை. நீச்சல் உடை, நீச்சல் குளம் என்று தன் பெயரையே தொழிலாக்கினார்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், இசைக்கேற்ப நீந்தும் சிங்க்ரனைஸ்டு ஸ்விம்மிங் முதல்முறையாகப் பதக்கப் போட்டியானது. அந்தக் கலையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியதில் எஸ்தரின் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் போட்டிக்குத் தொலைக்காட்சி வர்ணனையாளராக வந்து உட்கார்ந்தவரும் அவரேதான். போர் பறித்த ஒலிம்பிக் மேடைக்கு 44 வருஷம் கழிச்சு, மைக்கோடு வந்து சேர்ந்தார்.

2013 ஜூன் 6-ம் தேதி, 91 வயதில் எஸ்தர் வில்லியம்ஸ் காலமானார்.