மெக்கன்சியின் சுவடிச் செல்வம்

ஒருவர் அரிதின் முயன்று ஈட்டிய பொருள் அவருக்குப்பின் பலர் கைப்பட்டுச் சிதறுதல் உலகியல்பு. நூற்செல்வமும் அவ்வாறு சிதறுவதுண்டு. கர்னல் காலின் மெக்கன்சி என்னும் நில அளவை அறிஞர் தொகுத்த சுவடிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மெக்கன்சி 1754ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சார்ந்த லூயிஸ் தீவில் பிறந்தார். 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியேற்றுச் சென்னைக்கு வந்தார். கணக்கியலில் வேட்கைமிக்க அவர், மதுரையில் இந்நாட்டுக் கணக்கறிஞரோடு பழகினார். இந்நாட்டின் பழமையை அறியும் ஆவல் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. தேன்கனிக்கோட்டை, ஓசூர் ஆகிய ஊர்களுக்கு அப்பால் பரந்துகிடந்த அந்நாட்டை அவர் பல்லாண்டு அளந்தார். நிலத்தின் எல்லையை வரைவதோடு அமையாது, அங்கு வாழ்ந்தோரின் வரலாற்றையும் தேடினார். காவலி வேங்கட போரையா என்னும் அறிஞர் இதற்குத் துணைநின்றார். அவர் 1803இல் மறையவே, தம்பி இலக்குமையா அப்பணியை ஏற்றார். உதவியாளர் ஊர்தோறும் சென்று ஏடுகளைத் திரட்டினர், கல்வெட்டுகளைப் படியெடுத்தனர், முதியோர் கூறிய செய்திகளை எழுதிக்கொண்டனர்.

மெக்கன்சி 1815இல் இந்தியத் தலைமை நில அளவையர் ஆனார். தொகுதி கல்கத்தாவை அடைந்தது. அதனை முறைப்படுத்தி அட்டவணை வகுக்குமுன் 1821இல் அவர் காலமானார். அவர்தம் மனைவியாரிடமிருந்து கம்பெனியார் இலட்சம் ரூபாய்க்கு அதனைப் பெற்றனர். வில்சன் என்பார் 1828இல் வெளியிட்ட அட்டவணையில் 1,568 நூற்சுவடிகளும் 8,076 கல்வெட்டுப் படிகளும் 6,218 காசுகளும் இடம்பெற்றன.

ஆயினும் தொகுதி ஓரிடத்தில் நிலைக்கவில்லை. ஒரு பகுதி இலண்டனுக்குக் கப்பலேறியது. தென்னாட்டு மொழிச் சுவடிகள் பல சென்னைக்குத் திரும்பின. இலண்டன் சென்றவற்றுள்ளும் ஒரு பகுதியைச் சி. பி. பிரௌன் கண்டு சென்னைக்கு வரச்செய்தார். அரித்தும் மங்கியும் போன ஏடுகளை வில்லியம் டெய்லர் மீண்டும் படியெடுப்பித்தார். பணியைத் தொடர விழைந்த இலக்குமையாவுக்கோ அவ்வாய்ப்பு வழங்கப்பெறவில்லை.

சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் மூலச் சுவடிகள் பல உள்ளன. அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இரண்டையும் ஒப்பிட விழைவோர் கடல் கடந்து தேட நேர்ந்தது. தொகுத்தோனுக்கு வாழ்நாள் எல்லையுண்டு. ஆதலின் தேடிச் சேர்த்தலினும், சேர்த்ததை வகைப்படுத்திக் காத்தலே அரிய செயலாகும்.