ஆடற்பேரரசி பாலசரசுவதி அம்மையார்

புகார் நகரத்து மாதவி ஐந்தாம் அகவையில் ஆடல் பயிலத் தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் அகவையில் அரசன் முன்னிலையில் அரங்கேறித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள் எனச் சிலப்பதிகாரம் கூறும். அக்காதையைப் படிப்பிக்குந்தோறும் மாணவர் ஒரு வினா எழுப்புவதுண்டு. அவ்வாறு ஆடவல்லார் பிற்காலத்திலும் இருந்தனரோ என்பதே அது. இருந்தனர் என்பதற்குத் தஞ்சாவூர்ப் பாலசரசுவதி அம்மையாரின் வாழ்க்கை சான்றாகும்.

அம்மையார் 1918ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி சென்னையிற் பிறந்தார். அவர்தங் குடி இசைக்குடி. பதினெட்டாம் நூற்றாண்டிலே தஞ்சை அரசவையில் இசையும் ஆடலும் வல்லவராய் விளங்கிய பாப்பம்மாள் என்பாரின் வழிவந்தது. பாட்டியார் வீணை தனம்மாள். கண்ணொளி மங்கிய முதுமையிலும் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் தம் இல்லத்திலிருந்து வீணை மீட்ட, பெரும் வித்துவான்களெல்லாம் வாய்திறவாதிருந்து கேட்பராம். தாயார் ஜயம்மாள் சிறந்த பாடகி. தம்பியருள் ரங்கநாதன் மிருதங்கத்திலும், விசுவநாதன் புல்லாங்குழலிலும் பெயர் பெற்றனர். இத்தகைய வீட்டிற் பிறந்த குழந்தைக்குத் தாலாட்டே முதற்பாடமாயிற்று எனலாம்.

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்த கௌரி அம்மாளின் ஆடலைக் கண்ட சிறுமி, தானும் ஆடவேண்டும் என்று பிடிவாதஞ் செய்தாள். உறவினர் தயங்கினர். அத்தயக்கத்திற்குக் காரணம் இருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம். ஜயம்மாள் துணிந்தார். தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னுஞ் சகோதரரின் மரபிலே தோன்றிய கந்தப்பா பிள்ளையிடம் மகளை ஒப்படைத்தார். அவர் கண்டிப்பு மிக்க ஆசான். ஓர் அடைவு பிழைத்தாலும் மீண்டும் மீண்டும் ஆடச்செய்வார். புகழுரை அவர் வாயிலிருந்து எளிதில் வாராது. இக்காலப் பெற்றோர் அத்தகைய ஆசிரியரைப் பொறுப்பாரோ என்பது ஐயமே. 1925ஆம் ஆண்டு, ஏழு வயதிலே, காஞ்சிபுரத்துக் கோயிலொன்றிற் சிறுமி பாலா அரங்கேறினாள்.

இனி அத்தயக்கத்தின் காரணத்திற்கு வருவோம். அந்நாளிற் சதிர் எனப்பட்ட இவ்வாடலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தோர் கோயிலையும் அரசவையையும் சார்ந்து வாழ்ந்த குலத்தினர். அரசவைகள் மறைந்தபின் அவர் நிலை தாழ்ந்தது, ஊரார் இகழ்ந்தனர். சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முதலியோர் போராடினர். 1947இற் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டமும் பிறந்தது. அவ்வழக்கம் ஒழிந்ததை எவரும் குறைகூறார். ஆயினும் வழக்கத்தின்மீது வீசிய கல் கலையின்மீதும் கலைஞர்மீதும் விழுந்தது என்பது உண்மை. அதேவேளை ஈ. கிருஷ்ண ஐயர் போன்றோர் ஆடலைச் சென்னைச் சங்கீத வித்துவ சபையின் மேடைக்குக் கொணர்ந்தனர். சதிர் பரதநாட்டியம் எனப் பெயர்பெற்றது. உருக்குமணிதேவி அம்மையார் 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவியபின், உயர்குடியெனப்பட்ட இல்லங்களின் பெண்களும் அதனைக் கற்கத் தொடங்கினர். கலைக்கு மதிப்பு வந்தது. அதனைக் காத்துத் தந்தவருக்கோ மேடை அருகிற்று. இவ்விரண்டிற்கும் இடையிலேயே பாலசரசுவதி அம்மையாரின் வாழ்வு நடந்தது.

இளமையில் அவருக்குப் புகழ் விரைந்தே வந்தது. 1934ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் ஆடித் தென்னாட்டு ஆடலை வடநாட்டார்க்கு அறிமுகஞ் செய்தார். உலகெங்கும் ஆடிப் புகழ்பெற்ற உதயசங்கர் அவரை வியந்து போற்றினார். பின்னர் நாற்பதுகளிலே துன்பங்கள் சூழ்ந்தன. உதயசங்கரின் அல்மோராக் கலைமையத்திற் கற்பித்து வந்த கந்தப்பா பிள்ளை 1941இற் காலமானார். அம்மையாரின் உடல்நலமுங் குன்றியது, உடல் பருத்தது, ஆடும் வாய்ப்புகள் அருகின. புதிய மேடைகளோ இளமையையும் ஒப்பனையையும் விரும்பின. ஆடலை விட்டொழித்திருப்பின் அவரைக் குறைகூறுவார் இலர். அவர் விடவில்லை. அறிஞர் வே. இராகவன் முதலியோரின் ஆதரவோடு 1953ஆம் ஆண்டளவிற் சென்னைச் சங்கீத வித்துவ சபையைச் சார்ந்து ஆடற்பள்ளி தொடங்கிற்று. அதில் அம்மையார் கற்பித்தார்.

அவருடைய ஆடலின் தனிச்சிறப்பு யாது? அபிநயம். ஒரே பாடலடியைப் பாடப்பாட, ஒவ்வொரு முறையும் வேறொரு பொருள் முகத்திலே தோன்றும். முன்னரே திட்டமிட்ட அசைவுகளல்ல அவை. அவ்வேளையில் இசையிலிருந்து பிறப்பவை. தாமே பாடிக்கொண்டு ஆடவும் வல்லவர். மேடையிலே அழகிய ஓவியத் திரைகளையும் சிலைகளையும் அவர் வேண்டினாரல்லர். சிருங்காரச் சுவையைக் குறைத்துப் பத்தியை மட்டும் வைத்தல் வேண்டுமெனப் புதிய நாட்டியத்தார் சிலர் எண்ணினர். அம்மையார் அதற்கு உடன்பட்டாரல்லர். சிருங்காரமே சுவைகளுள் தலையாயது, அதுவே இறைவனோடு உயிர் ஒன்றுதற்கு வழி, அதனைத் தூய்மைப்படுத்த எவரும் வரவேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. 1975இற் சென்னைத் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில், ஆடல் நிகழ்ச்சியின் வரிசையை அவர் கோயிலமைப்போடு ஒப்பிட்டு விளக்கினார். அலாரிப்பு கோபுரமாகும், அதனைக் கடந்து மண்டபங்கள் வழியே செல்வார்போலப் பிற உருப்படிகளைக் கடந்து உள்ளே செல்லின், பதம் பாடும் அமைதியை அடையலாம் என்பது அதன் கருத்து.

மலைநாட்டு மாணவர்க்கு இக்கொள்கை புதிதன்று. மாசி மாதத்திலே தோட்டங்களிற் காமன் கூத்து நிகழ்வதை நாம் கண்டிருக்கிறோம். மன்மதன் எரிந்தபின் இரதி அழும்போது, பகலெல்லாங் கொழுந்து பறித்துக் களைத்த பெண்களுங் கண்ணீர் உகுப்பர். காதலும் வழிபாடும் ஒன்றாய் நிற்கும் இடம் அது. அக்கூத்திற்குத் தப்படிப்போரையும் ஊர் இகழ்ந்ததுண்டு. தப்பில்லாமற் கூத்தை நடத்தியதில்லை. அட்டன் முதல் நுவரெலியா வரை எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் பாலசரசுவதி அம்மையார் எதற்காக நின்றார் என்பதை உரையாசிரியர் துணையின்றி அறிந்துகொள்வான் என்பது என் துணிபு.

ஐம்பது வயதை நெருங்குங் காலத்தில் உலகம் அவரைத் தேடி வந்தது. 1961இற் றோக்கியோவில் நிகழ்ந்த கீழைமேலை இசைக் கூட்டத்தில் ஆடினார். 1962இல் அமெரிக்கா சென்று, ஜேக்கப்ஸ் பில்லோ ஆடல் விழாவில் ஆடியதோடு, வெசுலியன் பல்கலைக்கழகத்திற் கற்பித்தலுந் தொடங்கினார். 1963இல் எடின்பரோ விழாவில் ஆடினார். தமிழோ தெலுங்கோ அறியாத மக்கள், மேடையில் ஒப்பனை ஆரவாரமின்றி நின்ற அப்பெருமாட்டியின் கண்களை நோக்கியே பொருளுணர்ந்தனர். நம்மவரிற் பலர் அவரை உணர்ந்ததும் அதன்பின்னரே என்பது சற்று வருத்தந் தரும் செய்தி. பட்டங்களோ பல: 1955இற் சங்கீத நாடக அக்கடமி விருது, 1957இற் பத்ம பூஷண், 1977இற் பத்ம விபூஷண். இவற்றுள் 1973இற் சென்னைச் சங்கீத வித்துவ சபை வழங்கிய சங்கீத கலாநிதிப் பட்டமே குறிப்பிடத்தக்கது. இசைவாணர்க்கே உரியதாயிருந்த அப்பட்டத்தை ஆடற்கலைஞர் ஒருவர் பெற்றது அதுவே முதன்முறை. ஆடல் இசையின் உருவமே என்று வாழ்நாளெல்லாம் கூறிவந்தவர்க்கு அதனினும் ஏற்ற பரிசு வேறென்ன?

1984ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி அம்மையார் சென்னையிற் காலமானார். அவர் கலையை மகள் இலட்சுமி ஏற்று, 2001இல் தாம் மறையும்வரை ஆடியுங் கற்பித்தும் வந்தார்.

அம்மையாரின் ஆடலைக் காண விரும்பும் மாணவர்க்கு ஒரு செய்தி. வங்கத்துத் திரைப்பட இயக்குநர் சத்தியஜித் ராய், சிறுவனாயிருந்த காலத்திற் கல்கத்தாவில் அவர் ஆடலைக் கண்டவர். அவரைப் படமாக்க எண்ணிப் பல்லாண்டு காத்திருந்து, 1976இற் ‘பாலா’ என்னுங் குறும்படத்தை எடுத்தார். அப்போது அம்மையாருக்கு ஐம்பத்தெட்டு வயது. படத்தில் அவர் கடற்கரையில் நின்று ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ என்னுங் கன்னடப் பாடலுக்கு அபிநயஞ் செய்கிறார். பின்னர் வர்ணம் ஒன்று ஆடுகிறார். அந்த வர்ணத்திற்கு அவர் காலிற் கட்டியிருக்குஞ் சதங்கை, ஏழு வயதில் அரங்கேறிய நாளன்று கட்டிய அதே சதங்கை.