தமிழைத் தேடிக் கற்ற ஆயர்

உயர்தரத்தில் தமிழையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன் என்றதும், வீட்டில் பேசுகிற மொழியை இரண்டு வருடம் படித்து என்ன கிடைக்கப்போகிறது என்று என் உறவினர் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு வகுப்பில் ஆயர் கால்டுவெல்லைப் பற்றிப் படித்தோம்.

ரொபேர்ட் கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் திகதி அயர்லாந்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஏழைகள். டப்ளினில் ஓவியம் பயின்றவர், பின்னர் சமயப் பணியை நாடி கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை அங்கேதான் பிறந்தது. 1838இல் மிஷன் ஊழியராகச் சென்னையில் வந்திறங்கியபோது அவருக்கு வயது 23. அதன் பின்பே தமிழ் கற்றார்.

1841இல் அங்கிலிக்கன் திருச்சபையில் குருவானார். பெரும்பாலும் கால்நடையாகவே திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று, இடையன்குடி என்ற வறண்ட மணற்பூமியில் குடியேறினார். 1844இல் எலைசாவை மணந்தார். அந்த அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தி, லேஸ் பின்னும் தொழிலையும் கற்பித்தார்.

ஊர்ப் பணிகளுக்கிடையே பல ஆண்டுகள் உழைத்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலியவை ஒரே குடும்பத்து மொழிகள், அவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல என்பதைச் சொல்லாலும் இலக்கணத்தாலும் நிறுவினார். எல்லிஸ் என்பவர் 1816இலேயே இக்கருத்தைக் கூறியிருந்தார். எனினும் அதனை விரிவாக ஆராய்ந்து உலகறியச் செய்தவர் கால்டுவெல்லே.

1877இல் கல்கத்தாவில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இடையன்குடியில் அவர் தொடங்கிய தேவாலயம், முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பின் பின் 1880இல் நிறைவேறியது.

அவரிடமும் குறை இருந்தது. தாம் பணிசெய்த மக்களையே தாழ்த்தும் விதத்தில் 1849இல் ஒரு நூல் எழுதினார். அம்மக்கள் பின்னர் அதைக் கடுமையாக எதிர்த்தனர். சொற்களின் வேரை அறிந்தவரும் சொல்லால் மனிதரைக் காயப்படுத்தக்கூடும் என்பதை இதிலிருந்து கற்றேன்.

1891 ஓகஸ்ட் 28ஆம் திகதி கொடைக்கானலில் காலமானார். அவரது உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

கால்டுவெல்லின் சமயம் வேறு, என் சமயம் வேறு. தமிழ் அவருக்குத் தாய்மொழியுமல்ல. தேடிப் பெற்றதை அவர் ஆயுள் முழுவதும் ஆராய்ந்தார். எனக்கோ அது உம்மாவின் தாலாட்டோடு கிடைத்தது. கிடைத்துவிட்டதாலேயே தெரிந்துவிட்டது என்று எண்ணியிருந்தேன். அந்த உறவினர் மறுபடி கேட்டால் இதைத்தான் சொல்வேன்.