தாபித்தானில் ரிஸால்

விசாரணையின்றி ஒருவனை நாடு கடத்துவது சர்க்கார்களுக்கு எளிது. கடத்தப்பட்ட இடத்தில் அவன் என்ன செய்வான் என்பதை அவர்களால் முன்கூட்டி அறிய முடிவதில்லை. பிலிப்பைன் தீவுகளில் ஸ்பானிய ஆட்சியினர் இந்தப் பாடத்தைக் கற்ற இடம் தாபித்தான். மிண்டனாவோத் தீவின் வடமேற்குக் கரையில், குன்றுகளுக்கும் அமைதியான விரிகுடாவுக்கும் நடுவே அமைந்தது அவ்வூர். கடற்கரையின் அழகைக் காண அங்கே செல்லும் யாத்திரிகர்கள், டாக்டர் ஹோஸே ரிஸால் நான்கு வருஷம் காவலில் வாழ்ந்த இடத்தையும் தரிசித்தே திரும்புகின்றனர்.

ரிஸால் 1861ஆம் வருஷம் ஜூன் 19ஆம் தேதி லகூனா மாகாணத்தைச் சேர்ந்த கலம்பாவில் பிறந்தார். மணிலாவிலும் மாட்ரிட்டிலும் கல்வி பயின்று, பாரிஸிலும் ஹைடல்பர்க்கிலும் நேத்திர வைத்தியத்தில் தேர்ச்சி பெற்றார். 1887இலும் 1891இலும் அவர் வெளியிட்ட இரண்டு நாவல்கள், பாதிரிமாரின் கொடுமையையும் அதிகாரிகளின் ஊழலையும் உலகறியச் செய்தன. 1892இல் தாயகம் திரும்பி, ஜூலை 3ஆம் தேதி பிலிப்பினோச் சங்கம் ஒன்றை நிறுவினார். பரஸ்பர உதவியும் கல்வியும் சீர்திருத்தமுமே அதன் நோக்கங்கள். சில தினங்களுக்குள் அவர் கைதானார். அவருடைய சகோதரியின் மூட்டையில் பாதிரிமாரைத் தாக்கும் துண்டுப் பிரசுரங்கள் அகப்பட்டன என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அவர் அதை மறுத்தார். எந்த நியாயஸ்தலத்திலும் சாட்சியம் விசாரிக்கப்படவில்லை. கவர்னர் ஜெனரலின் உத்தரவு ஒன்றே போதுமானதாயிருந்தது. சட்டத் தொழிலில் பழகிய நாம் இதைத் தண்டனை என்று கூறோம். தண்டனைக்கு முன் தீர்ப்பு வேண்டும். தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டும்.

ஜூலை 17ஆம் தேதி அவர் தாபித்தானில் இறக்கப்பட்டார். தம் கருத்துக்களைத் திரும்பப் பெற்றால் பாதிரிமாரின் இல்லத்தில் தங்கலாம் என்றனர். அவர் இணங்காமல், ராணுவ அதிகாரியின் வீட்டிலேயே இருந்தார். அவ்வாண்டே, அந்த அதிகாரியுடனும் வேறொருவருடனும் சேர்ந்து வாங்கிய லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழுந்தது. தம் பங்கான 6,200 பெஸோவில் ஒரு பகுதியைத் தந்தைக்கு அனுப்பினார். ஊருக்கு அருகே கடலோரமாயுள்ள தாலிஸாயில் நிலம் வாங்கி, மூங்கிலும் கீற்றும் கொண்டு வீடுகள் அமைத்தார்.

பிறகு அவர் செய்தவை நம் சிந்தனைக்குரியவை. ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்தார். வசதியுள்ளோர் தந்த பணத்தை ஊர்ப் பணிகளுக்குச் செலவிட்டார். குன்றிலிருந்து ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தார். வீதிகளுக்குத் தேங்காயெண்ணெய் விளக்கு வைத்தார். மூன்று மாணவர்களுடன் தொடங்கிய அவருடைய பள்ளியில் பின்னர் இருபதுக்கு மேற்பட்டோர் பயின்றனர். அவர்கள் கட்டணத்துக்குப் பதிலாகத் தோட்டத்தில் உழைத்தனர். தம் பழைய ஆசிரியரான பாதிரியாருடன் சேர்ந்து, ஊர் மைதானத்தில் மண்ணாலும் கல்லாலும் மிண்டனாவோவின் படத்தைப் பெரிதாக அமைத்தார். அது இன்றும் இருக்கிறது. விவசாயிகளுக்குக் கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்தினார். அவர் சேகரித்து ஜெர்மனிக்கு அனுப்பிய பிராணிகளுள் ஒரு பறக்கும் பல்லியும், ஒரு தவளையும், ஒரு வண்டும் அவர் பெயரையே தாங்கியுள்ளன.

துக்கமும் அவரை விடவில்லை. கண் பார்வை இழந்த வளர்ப்புத் தந்தையை அழைத்துக்கொண்டு 1895இல் அங்கே வந்த ஜோஸபின் பிராக்கன் என்னும் பெண்ணை அவர் நேசித்தார். திருச்சபையின் அனுமதி கிடையாமையால் விவாகச் சடங்கின்றியே இருவரும் இல்லறம் நடத்தினர். அவர்களுக்குக் குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை சில மணி நேரமே உயிர் வாழ்ந்தது.

1896 ஜூன் மாதத்தில், ரகசியப் புரட்சிச் சங்கமான கதிபுனானின் தூதர் ஒருவர், கண் நோயாளி ஒருவரை அழைத்து வருவதாகச் சாக்குச் சொல்லித் தாலிஸாய் வந்தார். ஆயுதமும் ஆயத்தமுமின்றிக் கிளர்ந்தெழுந்தால் ஜனங்களே அழிவர் என்று ரிஸால் எச்சரித்தார். இதனால் அவரைக் கோழையென்று கருதுவோர் பின் நடந்ததைக் கவனிப்பாராக. கியூபாவில் ராணுவ வைத்தியராகப் பணிபுரிய அனுமதி பெற்று, ஜூலை 31ஆம் தேதி அவர் தாபித்தானை விட்டார். ஆகஸ்டில் புரட்சி வெடித்தது. ஐரோப்பா நோக்கிச் சென்ற அவர் வழியிலேயே கைதாகி, மணிலாவுக்குக் கொண்டுவரப்பட்டார். ராணுவ நீதிமன்றம் அவருக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையை மறுத்து, ராணுவ அதிகாரிகளின் ஜாபிதாவிலிருந்து ஒருவரைத் தேர்ந்துகொள்ளச் சொல்லிற்று. டிசம்பர் 26ஆம் தேதி விசாரணை நடந்தது. 30ஆம் தேதி காலை பாகும்பாயான் மைதானத்தில் அவர் சுடப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

இரண்டாண்டுகள் கழிவதற்குள் ஸ்பானிய ஆட்சி அத்தீவுகளை விட்டு அகன்றது. பின்னர் அமெரிக்க ஆட்சியும் நீங்கி, 1946இல் அத்தேசம் சுதந்திரம் பெற்றது. தாலிஸாயில் அவருடைய வீடுகளைப் பழைய வடிவில் புதுப்பித்து, தேசியச் சின்னமாகப் பாதுகாத்து வருகின்றனர்.

மேடையும் பத்திரிகையும் பறிக்கப்பட்ட ஒருவனுக்குத் தேச சேவை செய்ய வழி ஏது என்று கேட்போர் உண்டு. குழாய்த் தண்ணீரும், வீதி விளக்கும், ஏழைச் சிறுவனின் பாடமும் தாபித்தானில் அதற்கு விடை கூறின. ரிஸாலின் மரணத்தை அவர் நாட்டார் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். அந்த நான்கு வருஷ வாழ்வும் அவ்வளவு நினைவுக்குரியதென்பதே நம் துணிபு.