ஜேம்ஸ் புதுச்சேரி: மலாயாவின் சொத்து யார் கையில் என்று சிறையில் கணக்குப் போட்டவர்

மலாக்காவின் புக்கிட் பெருவாங் என்றதும் இன்றைய இளைஞர்களுக்கு எம்.எம்.யூ. பல்கலைக்கழகமும், அதைச் சுற்றி மாணவர்கள் வாடகைக்கு எடுக்கும் தாமான் வீடுகளும்தான் ஞாபகத்துக்கு வரும். இதே மத்திய மலாக்கா மாவட்டத்தில் இருக்கும் புக்கிட் லிந்தாங்கில், 1896-இல் டான் சாய் யான் என்ற உள்ளூர்ச் சீன வணிகர் ரப்பர் நட்டார். வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டதில் மலாயாவில் அவர்தான் முன்னோடி. அடுத்து புக்கிட் அசகானில் அவர் தொடங்கிய பெரிய தோட்டம், சில ஆண்டுகளிலேயே ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்குக் கைமாறியது. 1910-இல் சைம் டார்பி தொடங்கப்பட்டதும் மலாக்காவில்தான்.

மரம் நட்டவர் ஒருவர், பால் வெட்டியவர் இன்னொருவர். லாபம் எங்கே போனது? இந்தக் கேள்விக்கு எண்களோடு பதில் தேடிய ஜேம்ஸ் புதுச்சேரி, அதை எழுதிய இடம் சிங்கப்பூர் சாங்கி சிறை.

யார் இவர்?

பெயரைப் பார்த்து பாண்டிச்சேரிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அது மலையாளக் குடும்பப் பெயர். 1922-இல் பிறந்த இவர், ஜொகூர் பாருவில் வளர்ந்தவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், தோட்டத்துத் தமிழர்கள் பலர் சேர்ந்ததைப் போலவே, சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் இவரும் சேர்ந்தார். இம்பால் போர்முனை வரை போய்த் திரும்பினார்.

பிறகு சிங்கப்பூரில் மலாயா பல்கலைக்கழகம். 1951-இல் முதல் கைது. 1954-இல் 'ஃபஜார்' என்ற மாணவர் இதழில் வந்த கட்டுரைக்காக, இவர் உட்பட எட்டு மாணவர்கள் மீது தேசத்துரோக வழக்கு போடப்பட்டது. அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் லீ குவான் யூ. எட்டுப் பேரும் விடுதலையானார்கள். அதே ஆண்டு மக்கள் செயல் கட்சி தொடங்கப்பட்டபோது புதுச்சேரியும் கூடவே இருந்தார். தொழிற்சங்க வேலைக்குப் போனார். 1956-இல் மறுபடியும் கைது. இந்த முறை விசாரணை இல்லை, 1959 வரை உள்ளேதான்.

சிறையில் எழுதிய புத்தகம்

மலாயாப் பொருளாதாரத்தில் உடைமையும் கட்டுப்பாடும் யாரிடம் என்பதை ஆராயும் அவருடைய ஆங்கில நூல் 1960-இல் வெளியானது. அந்தக் காலத்தில், ஏன் இன்றும்கூட, பலர் சொல்வது இதுதான்: பணமெல்லாம் சீனர்களிடம், மலாய்க்காரர்கள் ஏழைகள். புதுச்சேரி கணக்கைப் பிரித்துப் பார்த்தார். 1950-களின் முற்பகுதி நிலவரப்படி, 500 ஏக்கருக்கு மேற்பட்ட ரப்பர் தோட்டங்களில் 84 விழுக்காடு ஐரோப்பியக் கம்பெனிகளிடம் இருந்தது. ஈய உற்பத்தியில் சுமார் 60 விழுக்காடும், ஏற்றுமதியில் 65 முதல் 75 விழுக்காடும் அவர்களிடமே.

அப்புறம் ஏன் எல்லார் கண்ணும் சீனர் மேல்? கம்பத்து மளிகைக்கடைக்காரரைத் தினமும் பார்க்கிறோம். லண்டனில் இருக்கும் பங்குதாரரை யார் பார்த்தது?

இங்கேதான் 'கட்டுப்பாடு' என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது. தோட்டக் கம்பெனியின் பங்குகள் ஆயிரம் பேரிடம் சிதறிக் கிடக்கலாம். ஆனால் துரையை நியமிப்பது, சாமான் வாங்குவது, ரப்பரை விற்பது, கப்பல், காப்புறுதி என எல்லாவற்றையும் செய்வது கத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் போன்ற முகவர் நிறுவனங்கள். ஒவ்வொரு படியிலும் அவற்றுக்குக் கமிஷன். ஒரே நிறுவனம் பல கம்பெனிகளை இப்படி நடத்தும். முழுச் சொத்தையும் வாங்காமலே சாவியைக் கையில் வைத்திருப்பது என்றால் இதுதான்.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு, என் பார்வையில், புத்தகத்தின் புள்ளிவிவரங்களைவிட முக்கியமானது. சில மலாய் முதலாளிகளை உருவாக்கிவிட்டால் மலாய்க்காரர்களின் வறுமை தீர்ந்துவிடாது என்றார். சீன முதலாளிகள் இருந்தும் சீனத் தொழிலாளி ஏழையாகத்தானே இருந்தார்?

1969-க்குப் பிறகு

1969 மே 13 கலவரத்துக்குப் பின், 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது ஒரு நோக்கம். 1990-க்குள் பூமிபுத்ராக்களின் பங்குடைமையை 30 விழுக்காடாக உயர்த்துவது இன்னொரு நோக்கத்தின் இலக்கு. 1970-இல் அவர்களுக்கு இருந்தது 2.4 விழுக்காடு, அந்நியர்களிடம் சுமார் 63. புதுச்சேரி சுட்டிக்காட்டிய அந்நிய ஆதிக்கம் அரசாங்கக் கணக்கிலும் தெரிந்தது. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி, பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் லண்டன் பங்குச்சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரியைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. முகவர் நிறுவனங்களின் காலம் கிட்டத்தட்ட முடிந்தது.

லயத்தில் என்ன மாறியது? தோட்டம் தனியார் நிலம் என்பதால், கம்பத்துக்குப் போன மின்சாரமும் குழாய் நீரும் போன்ற கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் பல தோட்டங்களுக்கு வரவில்லை. வீடு வேலையோடு ஒட்டியது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டாலோ, நிலம் தாமான் வீடுகளாக மாறினாலோ, வேலையும் வீடும் சேர்ந்தே போகும். இந்தியர்களின் பங்குடைமை 1970-இல் 1.1 விழுக்காடு, இருபது வருஷம் கழித்து, 1990-இல் 1.0. அந்த ஒரு விழுக்காட்டிலும் பால் வெட்டியவருக்கு எவ்வளவு என்பதை இனவாரிப் பட்டியல் காட்டாது. புதுச்சேரியின் வாதம் இங்கே மலாய்க்காரர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் பொருந்துகிறது.

கடைசிக் காலம்

1959-இல் மக்கள் செயல் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அவர் விடுதலையானார். தொழில் வளர்ச்சி வாரியத்தில் பொறுப்பும் கிடைத்தது. 1961-இல் கட்சி உடைந்தபோது லிம் சின் சியோங் பக்கம் நின்றார். 1963 பிப்ரவரியில் 'கோல்ட்ஸ்டோர்' நடவடிக்கையில் மீண்டும் கைது. அப்போது சிங்கப்பூர்ப் பிரதமர், ஒருகாலத்தில் அவருக்காக வாதாடிய அதே லீ குவான் யூ.

வெளியே வந்தவருக்குச் சிங்கப்பூருக்குள் நுழையத் தடை. ஜொகூர் பாருவில் வளர்ந்தவருக்கு, பாலத்துக்கு அந்தப் பக்கம் போக முடியாத நிலை. கோலாலம்பூரில் வழக்கறிஞராக வாழ்ந்தார். தடை நீங்கியது 1990-இல். பத்து வருஷம் கழித்து, 2000 ஏப்ரல் 3 அன்று காலமானார். அவர் சிறையில் திரட்டிய எண்களை மலேசியப் பொருளாதார ஆய்வாளர்கள் இன்னும் எடுத்தாள்கிறார்கள்.