செஞ்சிக் கோட்டை சொல்லும் சமாதானப் பாடம்

செஞ்சியின் ராஜகிரிப் படிகளில் ஏறும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் தேசிங்குராஜன். எனக்கோ, சத்ரபதி சிவாஜி. 2025-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற 12 மராட்டியக் கோட்டைகளுள் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. இதை அவர் வென்ற கதையை நாம் பேசுகிறோம். வென்றபின் செய்தவற்றை அதிகம் பேசுவதில்லை.

1630-இல் சிவனேரியில் பிறந்த சிவாஜி, தோல்வியின் கசப்பை அறிந்தவர். 1665-இல் புரந்தர் உடன்படிக்கையின்படி 23 கோட்டைகளை முகலாயரிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு ஆக்ராவில் காவலில் வைக்கப்பட்டு, அங்கிருந்து தப்பினார். தோற்றவரைச் சிறுமைப்படுத்திய அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 1670 முதல் கோட்டைகளை ஒவ்வொன்றாக மீட்டார், 1674-இல் முடிசூடினார்.

1677-இல் பீஜப்பூரின் வசமிருந்த செஞ்சியைக் கைப்பற்றியபோது, அவர் வென்றவர் இடத்தில் இருந்தார். மதில்களைப் பலப்படுத்தி, நிர்வாகத்தைச் சீர்செய்தார். அவ்வாண்டே, தஞ்சையை ஆண்ட மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி வெங்கோஜி அவர் படையைத் தாக்கித் தோற்றார். தஞ்சையைப் பறித்துக்கொள்ள அது நல்ல வாய்ப்பு. சிவாஜியோ உடன்படிக்கை செய்து, தஞ்சையைத் தம்பியிடமே விட்டுவைத்தார். அந்த மராட்டிய மரபு 1855 வரை நீடித்தது.

ஆனால், அவரது கணக்கில் ஒரு குறையும் உண்டு. படையெடுப்புக்குப் பணமும் பீரங்கிகளும் தந்த கோல்கொண்டா சுல்தானுக்கு, வென்ற நிலத்தில் பங்கு தர உடன்பட்டிருந்தார், தரவில்லை. தோற்ற தம்பிக்குக் கிடைத்த பெருந்தன்மை, துணைநின்ற நண்பருக்குக் கிடைக்கவில்லை.

1680-இல் சிவாஜி மறைந்தார். மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றபின், இளைய மகன் ராஜாராமுக்குப் புகலிடமானது இதே செஞ்சி. நெடிய முற்றுகைக்குப் பின் 1698-இல் கோட்டை வீழ்ந்தது. மராட்டிய அரசு வீழவில்லை.

பிற்கால உலகமும் இதே பாடத்தைத்தான் படித்தது. 1815-இல் வியன்னாவில், தோற்ற பிரான்ஸுக்கும் பேச்சு மேசையில் இடம் தரப்பட்டது. ஐரோப்பாவுக்கு நெடுங்கால அமைதி வாய்த்தது. 1919-இல் வெர்சாயில் ஜெர்மனி மீது நிபந்தனைகள் திணிக்கப்பட்டன. இருபதே ஆண்டுகளில் மீண்டும் போர் மூண்டது. 1945-இல் வென்றவர்கள் ஐ.நா.வை அமைத்தார்கள், வீட்டோ அதிகாரத்தைத் தங்களுக்கென வைத்துக்கொண்டார்கள். அந்தச் சலுகை இன்றும் அமைதி முயற்சிகளை முடக்குகிறது.

போரை வெல்வது வாளின் வேலை. தோற்றவருக்கு எதை விட்டுவைக்கிறோம், நண்பருக்குத் தந்த வாக்கைக் காக்கிறோமா என்ற இரண்டுமே அமைதியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் ஒன்றில் சிவாஜி வென்றார், மற்றொன்றில் தவறினார். இன்று போர்நிறுத்தம் பேச அமர்வோர் இரண்டையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.