லத்தீன் கற்றபின் தமிழ் கற்ற தனிநாயகம் அடிகள்

உலகத் தமிழ் மாநாடுகளுக்கு வித்திட்ட தனிநாயகம் அடிகள், இளமையில் தமிழை ஆழ்ந்து பயின்றவர் அல்லர். 1913-இல் இலங்கையின் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த அவர், யாழ்ப்பாணத்தில் ஆங்கிலவழியில் படித்தார். பின்னர் ரோம் நகரில் லத்தீன் வழியாக இறையியல் கற்று 1939-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டு நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், புனித தெரேசா உயர்நிலைப்பள்ளி ஆசிரியரானார். சுற்றிலும் தமிழ் ஒலித்த அந்தச் சிற்றூரில்தான் தமது தமிழறிவின் குறை அவரை உறுத்தியது. பிறருக்குப் பாடம் சொல்ல வந்தவர், பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டார். முப்பது வயதைக் கடந்தபின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகவும் சேர்ந்தார்.

முன்பு கற்ற ஐரோப்பிய மொழிகளும் வீணாகவில்லை. 1679-இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். அது 1966-இல் மறுபதிப்பாக வெளிவந்தது. அதே ஆண்டில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது.